இரவில் ஒருமுறையா, தோன்றும்போதெல்லாமா?

சட்டைப்பை நோட்டில் எழுதிப் பழக ஒரு வழி, தினமும் இரவு சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து நாலு வரி எழுதுவது. பழக்கம் ஒட்டுவது இதில்தான். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வேலை ஒன்றோடு இணைத்த புதுப் பழக்கம் இயல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

தோன்றும்போதெல்லாம் கிறுக்குவது இன்னொன்று. பேருந்தில் காதில் விழுந்த பேச்சு இரவுவரை அப்படியே நிற்காது, சாரம்தான் மிஞ்சும். பிறகு படிக்கச் சுவை இதில்தான். ஆனால் வேலை நெருக்கும் வாரத்தில் நோட்டு பையிலேயே தூங்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு முதலாவதற்கே. பகலில் ஓரிரு சொல் குறித்துவைத்தால் இரவில் விரித்தெழுதலாம். அதற்குப் பென்சில் நல்லது, வியர்வை பட்டாலும் மை போலக் கலங்காது.