தொங்கும் எடையா, திரவ டேம்பரா?

கட்டடத்தின் ஆட்டத்தை அடக்க இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம்: தொங்கும் எடை, திரவ டேம்பர் (திரவத்தால் ஆட்டத்தைத் தணிக்கும் கருவி). தைவானின் தைப்பே 101 என்ற வானளாவிய கட்டடத்தின் மேல்மாடிகளில் 660 டன் எஃகு உருண்டை தொங்குகிறது. காற்றில் கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது உருண்டை பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அருமையான யோசனை. ஆனால் கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு, அதாவது கட்டடம் தன் போக்கில் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதோடு, அது ஒத்திசைந்திருக்க வேண்டும். விரிசல் விட்டோ எடை கூடியோ அந்த அதிர்வெண் நகர்ந்தால் பலன் சட்டென்று குறைந்துவிடும்.

திரவ டேம்பருக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. பிஸ்டன் பிசுபிசுப்பான திரவத்தைச் சிறு துளைகள் வழியே தள்ள, அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிவிடும். 2000-இல் திறந்ததும் பக்கவாட்டில் ஆடிய லண்டன் மில்லேனியம் பாலத்தில் இப்படி 37 டேம்பர்களைப் பொருத்தினார்கள் (செங்குத்து ஆட்டத்துக்கு அங்கேயும் எடைகள்தான்). சரி, குறை? டேம்பரின் இரு முனைகளுக்கு நடுவே அசைவு இருந்தால்தான் இது வேலை செய்யும். ஆனாலும் நிலநடுக்கப் பகுதி என்றால், விரிசல் விட்டு அதிர்வெண் நகரலாம் என்பதால், என் ஓட்டு திரவ டேம்பருக்குத்தான்.