அடுப்படி ஜன்னல்: ஸ்லைடிங்கா, ஓப்பனபிளா?

அலுமினிய ஃபேப்ரிகேட்டரிடம் வீட்டின் ஜன்னல் அளவுகளை மொத்தமாகக் கொடுத்தால் ஹால், படுக்கையறை, அடுப்படி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: டூ ட்ராக் ஸ்லைடிங் (இரண்டு தண்டவாளத்தில் பக்கவாட்டில் தள்ளும் கதவுகள்), கொசுவலை வேண்டுமென்றால் த்ரீ ட்ராக். மற்ற அறைகளுக்கு அது சரியாகவே இருக்கலாம். அடுப்படிக்கு மட்டும் நான் வெளிப்பக்கம் திறக்கும் கதவு வகையை, கடைப் பேச்சில் ஓப்பனபிளை, எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன். தாளிப்பில் எழும் எண்ணெய்ப் பிசுக்குதான் என்னை அந்த முடிவுக்குத் தள்ளியது.

மரமா, யுபிவிசியா, அலுமினியமா என்ற பட்டிமன்றத்தை இங்கே நீட்டப் போவதில்லை. ஏசி இல்லாத அடுப்படியில் யுபிவிசியின் வெப்பத் தடுப்பு பெரிதாக உதவாது. மரம் நீராவியில் ஊதி, கோடையில் சுருங்கும். அலுமினியம் மெல்லிய சட்டத்திலேயே விறைப்பாக நிற்கும், வெளிச்சம் கூடுதலாக வரும், பழசானால் எடைக்காவது போகும். காற்றோட்டக் கணக்கும் எளிதுதான். நாலடிக்கு மூன்றடி ஜன்னலில் ஸ்லைடிங் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும், அதாவது ஆறு சதுர அடி. ஓப்பனபிளில் சட்டம் போக ஏறக்குறைய முழுவதும் திறக்கும்.

தாளிக்கும்போது எண்ணெய் நுண்துளிகளாக எழும்பிக் கிடைத்த பரப்பில் படிகிறது. கண்ணாடியிலும் சட்டத்தின் முகப்பிலும் படிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், சோப்பு நீரில் நனைத்த துணி போதும். ஸ்லைடிங் ஜன்னலில் துணி போகாத இடங்கள் மூன்று: கீழே தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள பள்ளம், ரோலர் உட்கார்ந்திருக்கும் குழி, கதவோரம் முழுக்க ஓடும் வுல் பைல். வுல் பைல் என்பது பாலிப்ரொப்பிலீன் இழைகளால் ஆன தூரிகைப் பட்டை. காற்றையும் தூசியையும் தடுக்கத்தான் அதை வைக்கிறார்கள். எண்ணெய் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாவுத் தூசியும் தெருப் புழுதியும் சேர்ந்து கெட்டியாகும். கதவு கனக்கத் தொடங்குவது அங்கேதான். அதே பிசுக்கு ரோலர் பேரிங்கிலும் இறங்கினால் ரோலர் உருளாமல் இழுபடும், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும். பிறகு வீட்டில் இருப்பவர்கள் பலம் கொடுத்துத் தள்ளுவார்கள், இரு கதவுகளும் நடுவில் கோத்துக்கொள்ளும் இன்டர்லாக் வளையும், பூட்டு தன் கொக்கியில் விழாது. ரோலரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பள்ளத்தையும் வுல் பைலையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் புது ரோலருக்கும் அதே கதிதான்.

சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கதவைக் கழற்ற வேண்டும். இரண்டடிக்கு மூன்றடிக் கதவில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 7 கிலோ, சட்டத்தோடு 9 கிலோவைத் தொடும். தரையில் நின்று தூக்குவதென்றால் பெரிய வேலையில்லை. ஆனால் அடுப்படியில் இரண்டடி அகல மேடைக்கு அப்பால், குழாய்க்கு மேலே கையை நீட்டி, கதவை மேல் சட்டத்துக்குள் ஏற்றி, அடிப்பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து இறக்க வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் அந்த வேலை நடப்பதே இல்லை. வழுக்கலுக்காகத் தண்டவாளத்தில் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடுவது நிலைமையை மோசமாக்கும், புழுதி இன்னும் வேகமாக ஒட்டும். விட்டே ஆக வேண்டுமென்றால், பள்ளத்தைச் சுத்தம் செய்து உலர்த்தியபின் உலர் சிலிக்கான் ஸ்ப்ரே.

மழைக்காலத்தில் இதே பிசுக்கு வேறு ரூபத்தில் வரும். கீழ் ட்ராக்கில் விழும் நீர் வெளியேற நீள்துளைகள் வெட்டியிருப்பார்கள். அவை அடைபட்டால் தண்ணீர் ட்ராக்கிலேயே தேங்கி உள்விளிம்பைத் தாண்டி மேடையில் வழியும். துளை சுத்தமாக இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் காற்று சுமார் 100 பாஸ்கல் அழுத்தம் தரும், அது ட்ராக்கில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும். உள்விளிம்பு 12 மில்லிமீட்டர்தான் என்றால், 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா மாதிரியான புயலில் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். ஓப்பனபிள் கதவோ பூட்டும்போது ரப்பர் கேஸ்கெட்டை நாலு பக்கமும் அழுத்தி உட்காருகிறது. காற்று உள்பக்கம் தள்ளத் தள்ள இன்னும் இறுகும்.

ஓப்பனபிளில் பிசுக்கே படியாது என்று சொல்லவில்லை. கேஸ்கெட், ஃப்ரிக்‌ஷன் ஸ்டே (கதவைத் தாங்கி, திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் சரியும் கை), வலை, கிரில் எல்லாவற்றிலும் படியும். ஆனால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் இடங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தின் உள்முகம் வெளிப்படும், ஈரத்துணியால் ஒரு சுற்று துடைத்துவிடலாம். எண்ணெய் பட்டுப்பட்டு ரப்பர் உப்பினால் பள்ளத்திலிருந்து உருவிவிட்டுப் புது ரப்பரை மீட்டர் கணக்கில் வாங்கிச் செருகலாம்.

இனி ஓப்பனபிளின் தொல்லைகள். இவற்றைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமில்லை.

பெரியது கை எட்டாமை. மேடை 24 அங்குலம், சுவர் 9 அங்குலம். சட்டத்தைச் சுவரின் வெளிவிளிம்பில் பொருத்தி, 18 அங்குல அகலக் கதவை முழுக்கத் திறந்துவிட்டால், கைப்பிடி மேடையின் முன்விளிம்பிலிருந்து 51 அங்குலம் தள்ளி நிற்கும். ஐந்தடி உயரமுள்ளவரால் அதைப் பிடித்து மூட முடியாது. எனவே சட்டத்தைச் சுவரின் உள்முகத்திலிருந்து 4 அங்குலத்தில் வைக்கச் சொல்லுங்கள், கிரிலுக்கும் வலைக்கும் அந்த இடம் போதும். சிங்க்குக்கு நேர் மேலே வரும் ஜன்னலுக்குப் பக்கவாட்டுக் கீலுக்குப் பதில் மேல் கீல், டாப் ஹங், போடுவது நல்லது. 20 அங்குல உயரக் கதவு 30 டிகிரி திறந்தால் அதன் அடிவிளிம்பு 10 அங்குலம்தான் வெளியே போகும். மேடை 24, சட்டம் 4, இது 10 சேர்த்துக் கணக்கு 38 அங்குலத்துக்கு இறங்கிவிடும், லேசாகச் சாய்ந்தால் எட்டும். காற்று கொஞ்சம் குறையும், ஆனால் ஐப்பசி கார்த்திகைத் தூறலில் திறந்து வைத்தபடியே சமைக்கலாம்.

அடுத்தது கிரில். ஸ்லைடிங்குக்குக் கிரிலை வெளியே வைக்கலாம், கண்ணாடியின் உள்முகத்தைத் தடையில்லாமல் துடைக்கலாம். இந்த வசதி ஓப்பனபிளில் கிடையாது. கிரில் உள்ளே வந்துவிடும், பிசுக்கும் அதில் முதலில் படியும். பூவேலை, வளைவு, பட்டைக் கம்பி எதுவும் வேண்டாம். 12 மில்லிமீட்டர் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) உருண்டைக் கம்பிகளைப் படுக்கைவாட்டில் 5 அங்குல இடைவெளியில் போட்டால் கை உள்ளே போகும், கம்பியையும் ஒரே இழுப்பில் துடைக்கலாம். இரும்புக் கிரில்தான் என்றால் அது அலுமினியச் சட்டத்தைத் தொடக் கூடாது. ஈரம் சேரும் இடத்தில் இரண்டும் உரசினால் அலுமினியம்தான் அரிக்கப்படும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக.

வலையும் உள்பக்கம்தான். கதவைத் திறக்க முதலில் வலையைத் திறக்க வேண்டும், இந்த இரட்டை வேலையைத் தவிர்க்க வழியில்லை. தூக்கிக் கழற்றும் கீல் வைத்த தனி அலுமினியச் சட்டத்தில் எஸ்எஸ் வலை பொருத்தினால், மாதம் ஒருமுறை கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்க்கலாம். ஃபைபர் வலை தேய்ப்பில் தொய்ந்துவிடும். மடிப்பு மடிப்பாக விரியும் ப்ளீட்டட் வலையை அடுப்படிக்குச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, மடிப்புக்குள் ஏறிய எண்ணெயைத் தேய்த்தெடுப்பது கடினம்.

கதவு திறக்கும் பக்கம் நடைபாதையோ மாடிப்படியோ இருந்தால் ஓப்பனபிளை மறந்துவிடுங்கள், போகிற வருகிறவர் தலையில் இடிக்கும். அங்கே ஸ்லைடிங்தான். அதையும் யோசித்துச் செய்யலாம்: அடுப்புக்கு நேர் பின்னால் வராமல் இரண்டடியாவது தள்ளி வையுங்கள், கீழ் ட்ராக்கின் உள்விளிம்பு உயரமான செக்‌ஷனாகப் பாருங்கள், எஸ்எஸ் பேரிங் உள்ள ரோலர் கேளுங்கள், வலைக் கதவு தனியாகக் கழற்ற வர வேண்டும்.

விலையில் ஓப்பனபிள் சதுர அடிக்குக் கூடுதல்தான். கூடும் பணம் பெரும்பாலும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே, பூட்டு, கைப்பிடிக்குப் போகிறது, அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் முழு ஜன்னலும் வீண். ஸ்டே எஸ்எஸ் 304 ஆக இருக்கட்டும். நீளம் கதவகலத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, 18 முதல் 20 அங்குலக் கதவுக்கு 12 அங்குல ஸ்டே எடுக்கலாம். அதை அலுமினிய பாப் ரிவெட் அடித்து முடித்துவிடுவார்கள். சில வருடத்தில் ரிவெட் அறுந்து கதவு தொங்கும். எஸ்எஸ் ஸ்க்ரூ வேண்டுமென்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மூன்றடி உயரக் கதவுக்கு நடுவில் ஒரே பூட்டு வைத்தால் மூலைகள் ரப்பரை அழுத்தாது. இரண்டு இடத்தில் பூட்டும் கைப்பிடி தேவை.

கதவு நாளடைவில் இறங்கி அடிச்சட்டத்தில் உரசுகிறது என்றால் எல்லாரும் ஸ்டேயைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் பிழை கண்ணாடியை உட்கார வைத்ததில் இருக்கும். கண்ணாடியின் பாரம் கீல் பக்கக் கீழ் மூலையில் இறங்க வேண்டும், அங்கே ஒரு பேக்கர், அதாவது கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகும் சிறு கட்டை. அதற்கு மூலைவிட்டமாக, பூட்டுப் பக்க மேல் மூலையில் இன்னொன்று. இந்த இரண்டும் இருந்தால் கண்ணாடியே குறுக்குச் சட்டமாக வேலை செய்து கதவைச் சதுரமாகப் பிடித்துவைக்கும். பேக்கர் இல்லாமல் கண்ணாடியோரத்தைப் பிடிக்கும் பீடிங் பட்டையை மட்டும் அழுத்திவிட்டுப் போனால் கதவு தொங்கத்தான் செய்யும்.

செக்‌ஷன் 6063 அலாயாக, ஜன்னல் சட்டங்களுக்கு வழக்கமான அலுமினியக் கலவையாக, இருக்க வேண்டும். அந்த அலுமினியச் சட்டத்தின் தகட்டுத் தடிமனை வெர்னியர் காலிப்பரில் நேரிலேயே அளந்து பாருங்கள், ஓப்பனபிள் கதவுக்கு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான், வழவழப்பான பூச்சாக. சொரசொரப்பான டெக்ஸ்ச்சர் பூச்சு கடையில் அழகாக இருக்கும், அடுப்படியில் அதன் ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் தங்கும். அடுப்புக்கு அருகில் வரும் கண்ணாடி டஃபன்டு (சூடாக்கி வலுவேற்றியது) ஆக இருக்கட்டும். டஃபன் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது, எனவே எக்ஸாஸ்ட் ஃபேன் வட்டத்தை முன்பே அளந்து கொடுத்துவிடுங்கள். ஃபேனை மேலேயுள்ள நிலையான பலகத்தில் வைப்பதே சரி.

அளவு எடுப்பது பூச்சும் ஜன்னலடிக் கிரானைட் திண்டும் டைல்ஸும் முடிந்தபின். அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதிலிருந்து 10 மில்லிமீட்டர் கழித்தால் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு நியூட்ரல் சிலிக்கான் கேளுங்கள். புளிக்காடி வாடை அடிப்பது அசெட்டிக் வகை, சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். சட்டத்தின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு டேப்பைச் சுண்ணாம்பு, சிமென்ட் வேலை முடியும்வரை பிரிக்க விடாதீர்கள். ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தில் அழியாத வெள்ளைக் கறை போடும். வேலை முடிந்ததும் டைல்ஸ் கழுவ ஊற்றும் ஆசிட் தெறித்தாலும் அதேதான். சமையல் தொடங்கியபிறகு சிம்னிக்கு வாங்கும் காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் இந்தச் சட்டத்தின் பக்கமே வரக் கூடாது. வெதுவெதுப்பான நீர், சில சொட்டுப் பாத்திரச் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் போதும். ஸ்டேயின் சரியும் கட்டையில் எண்ணெய் விட்டால் பிடி விட்டுப்போய்க் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். அதைத் துடைத்து மட்டும் வையுங்கள், தளர்ந்தால் அதிலுள்ள சிறு ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.