ஊட்டி செல்லப்பிராணிக் கடையின் ‘மழைக்காட்டு செட்’: தொட்டி சரி, ஜோடி சரியில்லை

ஊட்டியில் ஒரு செல்லப்பிராணிக் கடை விற்கும் இந்த செட்டில் 45×45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), தண்ணீர்க் கிண்ணம் இருக்கின்றன. கூடவே ஒயிட்ஸ் மரத்தவளை ஒன்று, செங்கண் மரத்தவளை இரண்டு. ‘எல்லாம் மரத்தவளைதானே, ஒண்ணா இருந்துக்கும்’ என்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள்.

தொட்டி நன்றாகவே இருக்கிறது. கதவு முன்பக்கம் திறப்பதால் கை மேலிருந்து இறங்காது, தவளை மிரளாது. மேலே முழுக்க வலை போட்டிருப்பதுதான் மலைக்கு ஒத்துவராது. சூடும் ஈரமும் நிற்காது. வலையில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகடால் மூடிவிடுங்கள். ஹீட் மேட்டை அடியில் வைக்கச் சொல்கிறார்கள். ஐந்தாறு செ.மீ. ஈரக் கோகோபீட்டைத் தாண்டி அந்தச் சூடு கிளைகளுக்கு ஏறாது, அடிக் கண்ணாடி விரிசல் விடவும் கூடும். பின்பக்கக் கண்ணாடியின் வெளியே, பாதி உயரத்தில் ஒட்டுங்கள். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் செட்டில் இல்லை. அது இல்லாமல் மேட்டை ஆன் செய்யவே கூடாது. கரண்ட் போகும் மழை நாட்களுக்கு மூன்று பக்கமும் தெர்மாகோல் வைக்கலாம்.

இனி தவளைகள். ஆஸ்திரேலியா, நியூ கினியைச் சேர்ந்த ஒயிட்ஸ் 10 செ.மீ. வரை வளரும். வாய்க்குள் அடங்குகிற எது அசைந்தாலும் பாய்ந்து கவ்வும். மத்திய அமெரிக்காவின் செங்கண் ஆண் 5 செ.மீ.தான், உடம்பும் ஒல்லி. கடையில் குட்டிகளாக ஒரே அளவில் தெரிவதால்தான் ஏமாற்றம். ஒயிட்ஸ் வளர்ந்ததும் பக்கத்தில் இருப்பது இரையாகிவிடும். விழுங்காவிட்டாலும், இரவில் பெரியது முட்டி மோதுவதில் சின்னது இரை எடுக்காமல் மெலியும். காற்றின் ஈரப்பதமும் ஒத்துப்போகாது: ஒயிட்ஸுக்கு 50–60 சதவீதம் போதும், செங்கண்ணுக்கு இரவில் 80 வரை வேண்டும். ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது வாடும். தோலில் சுரக்கும் நச்சு வேறு ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் சேர்கிறது.

எல்லாவற்றையும்விடக் கவலை, தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை. 17 முதல் 25 டிகிரி வரை அது செழித்து வளரும். ஊட்டி வீட்டு அறை பகலில் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஓர் இனம் நோய் தெரியாமல் சுமந்து வந்து இன்னோர் இனத்தைச் சாகடிக்கலாம். எந்தப் புதுத் தவளையையும் தனிப் பெட்டியில் குறைந்தது 60 நாள் வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீரை பிளீச் கலந்து வைத்த பிறகே கழிப்பறையில் ஊற்றுங்கள், ஓடையில் ஒருபோதும் வேண்டாம். நீலகிரியின் சோலைகளில் வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழ்கின்றன. அதே காரணத்தால் சோலையிலிருந்து பாசியோ சருகோ தவளையோ எடுத்து வந்து தொட்டியில் போடாதீர்கள். வனச் சட்டமும் விடாது.

செங்கண் 2010 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்திய அரசின் 2024 விதிகளின்படி, அதை வளர்ப்பவர் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடை இதைச் சொல்வதில்லை, அதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் தடுப்பு வைத்தால் போதாதா என்றால், போதாது. ஈரம் அடியில் கசியும், 45 செ.மீ.யைப் பிரித்தால் இரண்டுக்குமே இடமில்லை. தொட்டியை மட்டும் வாங்கி, ஒரே அளவிலான ஒயிட்ஸ் இரண்டை விடுங்கள். பகலில் 24–28 டிகிரி, இரவில் 20க்குக் குறையாமல், நடுவில் ஒரு மணி பிளாண்ட். இந்தத் தொட்டிக்கு அது தாராளம்.