ஆள் பார்க்காத சர்வருக்கு எந்த லாக்: லாக்பேக்கா, லாக்4ஜே 2-வா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா நிரல்களுக்கான கட்டமைப்பு) மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். டெம்போ மேடையேறியதும் எடைக்கருவி அனுப்பும் எண்ணை வாங்கிச் சீட்டு அடிக்கும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது வந்த வண்டிக்கு, பல வாரம் கழித்துப் பணம் பட்டுவாடா ஆகும் நேரத்தில் "என் எடை எப்படிங்க குறைஞ்சுது?" என்று ஒரு விவசாயி வந்து நின்றால், பதில் லாக் கோப்பில்தான், அதாவது நடந்ததை நிரல் வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பில்தான், இருக்கிறது. கருவி எந்த நொடியில் எந்த எண்ணை அனுப்பியது என்பதை வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. எனவே லாக் எழுதும் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் மெனக்கெட்டோம். லாக்பேக், லாக்4ஜே 2 இரண்டில் எடுத்தது லாக்பேக்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். நிரலில் நாம் எழுதுவது எஸ்எல்எஃப்4ஜே என்ற பொது இடைமுகம் வழியாகத்தான். அடியில் எது இருந்தாலும் நிரல் மாறாது. லாக்பேக் ஸ்பிரிங் பூட்டோடு சேர்ந்தே வருகிறது. மற்றதற்கு அதன் ஸ்டார்ட்டரை (தேவையான நூலகங்களின் தொகுப்பு) விலக்கிவிட்டு லாக்4ஜே 2 ஸ்டார்ட்டரைச் சேர்க்க வேண்டும், நான்கைந்து வரி வேலை. பெயரைப் பார்த்து லாக்4ஜே 2-தான் பழைய லாக்4ஜேயின் வாரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. பழையதைத் தொடங்கிய ஜெகி குல்ஜூவே பிறகு எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக் இரண்டையும் எழுதினார். லாக்4ஜே 2 அப்பாச்சி குழு புதிதாகக் கட்டியது.

வேகத்தில் லாக்4ஜே 2-க்குத்தான் பேர். டிஸ்ரப்டர் நூலகத்தைச் சேர்த்து அசிங்க் லாகர் (நிரலைக் காக்கவைக்காமல் பின்னணியில் எழுதும் முறை) ஓட்டினால் நொடிக்கு ஏராளமான வரிகளைத் தாங்கும் என்கிறார்கள். எங்கள் மேடையில் ஒரு வண்டி இறங்கி அடுத்தது ஏறவே சில நிமிடம் ஆகும், அந்தச் சுமையை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. வங்கி, டிக்கெட் முன்பதிவு போன்ற வேலை செய்பவர்கள் வேக விஷயத்தில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: பழைய லாக் கோப்புகளை யார் அழிப்பது? ஆலையில் கணினி ஆள் கிடையாது. மேடைக்காரர் காலையில் ஆன் செய்வார், இரவு ஆஃப் செய்வார். டிஸ்க் நிரம்பினால் சீட்டு நிற்கும், சீட்டு நின்றால் வண்டிகள் தார்ச்சாலை வரை நிற்கும்.

லாக்4ஜே 2-ல் ரோலோவர் (கோப்பு உருளுவது, அதாவது பழையதை மூடிப் புதியதைத் தொடங்குவது) பகுதியில் 'மேக்ஸ்' என்று ஓர் எண் உண்டு, சொல்லாவிட்டால் 7. ஏழு கோப்புக்கு மேல் சேராது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அது எண்ணுவது கோப்புப் பெயரில் வரும் வரிசை எண்ணை மட்டுமே. பெயரில் தேதியும் இருந்தால் மறுநாள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். நேற்றைய கோப்புகள் அப்படியே கிடக்கும். அவற்றை அழிக்க 'டிலீட்' என்று தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும்: எந்த அடைவு, எந்தப் பெயர் வடிவம், எத்தனை நாள் பழசு. நுணுக்கமான கட்டுப்பாடுதான். ஆனால் பெயர் வடிவத்தைச் சற்று அகலமாக எழுதினால் பக்கத்தில் இருக்கும் வேறு கோப்புகளும் போய்விடும்.

லாக்பேக்கில் இதற்கு மூன்று வரி. மேக்ஸ் ஹிஸ்டரி எத்தனை நாள் என்பதைச் சொல்லும். டோட்டல் சைஸ் கேப் மொத்த அளவுக்கு வரம்பு. கிளீன் ஹிஸ்டரி ஆன் ஸ்டார்ட் நிரல் எழும்போதே பழசைக் கூட்டித் தள்ளும். தினமும் அணைக்கிற கணினிக்கு இது அவசியம், ஏனென்றால் வழக்கமான அழிப்பு கோப்பு உருளும்போதுதான் நடக்கும். ஒரே கோப்பு போதும் என்றால் மூன்றையும் ஸ்பிரிங் பூட்டின் அமைப்புக் கோப்பான அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸிலேயே எழுதலாம். எடைக்குத் தனிக் கோப்பு வேண்டும் என்பதால் நாங்கள் லாக்பேக்குக்கென்று தனி எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு எழுதினோம். அதன் பெயரை லாக்பேக்-ஸ்பிரிங் என்று வையுங்கள். வெறும் லாக்பேக் என்று வைத்தால் ஸ்பிரிங் புரொஃபைல் பகுதிகள் (ஓடும் சூழலுக்கேற்ப மாறும் அமைப்புகள்) வேலை செய்யாது.

ஆனால் இருக்கிற இயல்பு மதிப்புகளை அப்படியே விடக்கூடாது. ஸ்பிரிங் பூட் வைத்திருக்கும் மேக்ஸ் ஹிஸ்டரி 7 நாள். பட்டுவாடாத் தகராறு வருவதற்குள் ஆதாரம் அழிந்திருக்கும். நாங்கள் 150 வைத்திருக்கிறோம், மே முதல் பட்டுவாடா முடியும்வரை தாங்கும். மொத்த அளவு வரம்போ 0, அதாவது வரம்பே இல்லை. அதற்கு 2 ஜிபி. லாக்பேக்கில் பின்னணியில் எழுதும் அசிங்க் அப்பெண்டரைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அதன் வரிசையில் 256 இடம்தான். ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியதும் இன்ஃபோ (சாதாரணத் தகவல்) வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கள் எடை வரிகள் எல்லாம் இன்ஃபோ. டிஸ்கார்டிங் த்ரெஷோல்ட் என்ற அமைப்பை 0 ஆக்கினால் எந்த வரியையும் விடாது. இந்த இடத்தில் லாக்4ஜே 2 நேர்மையானது, இடமில்லாவிட்டால் காத்திருக்கும், தானாக எதையும் தூக்கிப் போடாது.

2021 டிசம்பரில் லாக்4ஜே 2-ல் வெளிவந்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையை இன்னும் சொல்லிக் காட்டுவது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று அடுத்தடுத்து நான்கு பதிப்பு வந்தது. இணையம் சரியாக எட்டாத ஆலைக்கு ஒவ்வொன்றுக்கும் பென் டிரைவோடு பைக் எடுக்க வேண்டியவனுக்குத்தான் அந்த வலி புரியும். லாக்பேக்கிலும் அதே மாதம் ஓர் ஓட்டை அடைபட்டது. அதைப் பயன்படுத்த அமைப்புக் கோப்பில் எழுதும் உரிமையே தேவை என்பதால் அவ்வளவு கலவரம் இல்லை.

ஏற்கெனவே லாக்4ஜே 2-ல் ஓடுகிறதென்றால் இதற்காக மாற்ற வேண்டாம். டிலீட் பகுதியைச் சேர்த்து, முதலில் டெஸ்ட் மோடை ட்ரூ என்று வைத்து ஓட்டுங்கள். எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று மட்டும் சொல்லும். பட்டியல் சரியாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடலாம்.