நீர்க்குமிழியா, ஸ்வர நீட்டலா? குரல் நாண் முடிச்சுக்கு இரு பயிற்சிகள்

வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் உரத்துப் பேசும் ஆசிரியர்களுக்கு, குரல் நாண்கள் மிகுதியாக மோதிக்கொள்ளும் இடம் காய்ப்புப் போலத் தடித்து முடிச்சுகள் உருவாகின்றன. பெரும்பாலும் அறுவைக்கு முன் குரல் பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது.

ஃபின்லாந்தின் மார்கெத்தா சிஹ்வோ உருவாக்கிய 'லாக்ஸ் வாக்ஸ்' முறையில், சுமார் 35 செ.மீ. நீளமுள்ள சிலிகோன் குழாயின் ஒரு முனையை 2 செ.மீ. அளவுக்கு நீரில் அமிழ்த்தி, மறுமுனையை உதடுகளால் கவ்விக்கொண்டு 'ஊ' என்று ஒலிக்க வேண்டும். நீர் தரும் எதிரழுத்தத்தால் நாண்கள் மென்மையாக மோதுகின்றன. இங்கே ஆழம்தான் முக்கியம்: மூச்சின் அழுத்தம் அந்த ஆழத்தை மீறினால்தான் குமிழி கிளம்பும் என்பதால், குவளையின் அடிவரை குழாயை விட்டு முக்கி ஊதுகிறவர், எந்த இறுக்கத்தைத் தளர்த்த வந்தாரோ அதையே கூட்டிக்கொள்கிறார். குமிழி வந்தும் குரல் வராவிட்டால் அது வெறும் ஊதல்தான்.

அமெரிக்கரான ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். 'ஈ' என்று நீட்டுதல், கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் குரலை வழுக்கிச் செல்லுதல், ஐந்து ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மூச்சு முடியும்வரை பிடித்தல் ஆகிய நான்கு படிகளையும் தலா இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் செய்ய வேண்டும். குரல் மெல்லியதாக இருக்க வேண்டும். காற்றும் ஒழுகக் கூடாது. நொடிக்கணக்கில் முன்னேற்றத்தை அளக்க முடிவது இதன் பலம். ஆனால் நொடிகளைக் கூட்டும் ஆசையில் தொண்டையை நெரிப்பவர்களும் உண்டு. சுருதி பிடிக்கத் தெரியாதவருக்குச் சிகிச்சையாளர் அருகிலிருந்து திருத்த வேண்டியிருக்கும்.

பேசும்போதே கழுத்து இறுகும் ஆசிரியருக்குக் குழாயைத்தான் முதலில் கொடுப்பேன், இடைவேளையில்கூடச் செய்யலாம். இறுக்கம் தளர்ந்த பிறகும் மாலைக்குள் குரல் ஓய்ந்துபோனால் ஸ்டெம்பிள் முறை பொருந்தும். முதுமையில் மெலியும் குரலுக்கும் அதுவே ஏற்றது. பார்க்கின்சன் நோயால் குரல் தாழ்ந்தவர்களுக்கு வழியே வேறு: வாரத்துக்கு 4 நாள் வீதம் 4 வாரங்கள், ஓங்கிய குரலில் பேசப் பழக்கும் 'எல்எஸ்விடி லௌட்'. கரகரப்பு 4 வாரங்களைத் தாண்டியிருந்தால், எதைத் தொடங்குமுன்னும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை உள்நோக்கியால் பார்த்துவிட வேண்டும்.