சுழல்காற்றா, கோபுரமா? வீணாகும் வெப்பத்துக்கு நம்மூரில் எது ஒத்துவரும்?

செங்கல் சூளைப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றால் முகம் காந்தும். அந்தச் சூடெல்லாம் வானத்துக்குத்தான் போகிறது. குமரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். அங்கே ஓர் உலை ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை எழுப்பி 1000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மீதியில் பெரும்பங்கு கடல்நீரோடு கடலுக்கே போகிறது.

இப்படிப் போகும் சூட்டை மின்சாரமாக்க ஒரு வழி, உயரமான கோபுரம். சூடான காற்று ஏறும், அடியில் விசையாழி சுற்றும். ஸ்பெயினில் மான்சனாரெஸ் என்ற ஊரில் 1982-ல் வெயில் சூட்டை வைத்து 195 மீட்டரில் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது சுமார் 50 கிலோவாட். அந்த உயரத்துக்கு, வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகாது. ஒரு கிலோமீட்டர் எழுப்பினால்தான் 3 சதவீதம். மான்சனாரெஸ் கோபுரம் 1989-ல் புயல்காற்றில் விழுந்தது.

கனடா பொறியாளர் லூயி மிஷோ கோபுரமே வேண்டாம் என்றார். வட்டச் சுவருக்குள் சூடான காற்றைச் சாய்வாக விட்டால் அது சுழன்று ஏறும். சுழற்சியின் வேகமே பக்கத்துக் காற்று உள்ளே கலக்காமல் தடுக்கும். கோடையில் காய்ந்த வயலில் சருகைச் சுருட்டிக்கொண்டு எழும் சுழல்காற்றை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது போல. உலையிலிருந்து வரும் நீர் கடலைவிடச் சில டிகிரிதான் கூடுதல் சூடு. சாதாரண இயந்திரத்துக்கு அது போதாது. சுழலோ பல கிலோமீட்டர் மேலே, உறையும் குளிர்வரை எட்டலாம். அந்த வித்தியாசம்தான் இதன் பலம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஆனால் சோதனைகள் சிறிய மாதிரிகளோடு நிற்கின்றன.

நம்மூரில் இன்னொரு சிக்கல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள். அதே காற்று சுழலை வளைத்துப் பிய்த்துவிடும். கோபுரத்துக்காவது கான்கிரீட் உண்டு, சுழலுக்குக் காற்றுதான் சுவர். இதற்கு அமைதியான வானம் உள்ள இடம் வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கி விசையாழி ஓட்டும் ரேங்கின் முறை, சிமென்ட் ஆலைகளில் ஏற்கெனவே ஓடுகிறது. நூறு டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் பத்து சதவீத அளவில் மின்சாரம் எதிர்பார்க்கலாம். இன்றைக்குக் காசு போடுவதானால் இதில்தான் போடுவேன். ஆனால் சூடு ஓயாமல் வர வேண்டும். மூட்டம் போட்டு, எரித்து, ஆறவிட்டுப் பிரிக்கும் சூளைக்கு இது சரிப்படாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில், இன்னும் சுடாத பச்சைக்கல் கொட்டகையில் காய நாள் பிடிக்கும். சூளைச் சூட்டை அந்தக் கொட்டகைக்குத் திருப்பிவிட விசையாழியே தேவையில்லை.