தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்குப் போன கதை – சேலம்

ஊர்ல இருந்து இங்கிலாந்துக்குத் திரும்பி ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் சூட்கேஸ்ல மாவடு வாசம் போகல. அஞ்சு வாரம் லீவு, மொத்தமும் தங்கச்சி பிரசவத்துக்கே போச்சு, ஏற்காடு கூட ஏறல, வீட்டு மாடியில இருந்து மலையப் பாத்ததோட சரி. எங்க ஊரு அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் போற பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம். டூரிஸ்ட்டெல்லாம் கோரிமேடு வழியா 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவாங்க, எங்க பக்கம் ரோடு கொஞ்சம் அமைதியா இருக்கும். "ரெண்டாவத ஊர்லயே பெத்துக்கலாமா"ன்னு என்னைக் கேக்கற ஃப்ரெண்ட்ஸ்க்கெல்லாம் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிடறேன்.

நான் போனப்ப பாப்பாவுக்கு (தங்கச்சிய வீட்ல அப்படித்தான் கூப்புடுவோம், அவளுக்கு 27 வயசு) 36 வாரம். தலைப்பிரசவம். பேருக்கு நம்ம ஊர் பிஎச்சியில (ஆரம்ப சுகாதார நிலையம்) பதிவு பண்ணிட்டு, செக்கப்புக்கு டவுன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருந்தா, எங்க பக்கம் நெறைய பேரு அப்படித்தான். வந்து மூணாவது நாளே நானும் கூடப் போனேன். டோக்கன் 43, மூணு மணி நேரம் உக்காந்தோம், டாக்டரம்மா பாத்தது நாலு நிமிசம். ஸ்கேன்ல தொப்புள்கொடி குழந்தை கழுத்த ஒரு சுத்து சுத்திருக்கு, பனிக்குடத் தண்ணியும் கொஞ்சம் கம்மிதான், ரிஸ்க் எதுக்கு, 38 வாரத்துல எடுத்துரலாம், நல்ல நாளா பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னாங்க. அம்மா அங்கயே செல்போன்ல காலண்டர தேட ஆரம்பிச்சிட்டாங்க.

நான் ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தேன், தண்ணி அளவு 9ன்னு இருக்கு. 5க்குக் கீழ போனாத்தான் கம்மின்னு கணக்கு. கொடி சுத்தறதும் அப்படித்தான், சுமாரா நாலு குழந்தைக்கு ஒண்ணு கழுத்துல கொடியோடதான் பொறக்குது, தலை வெளிய வந்ததும் விரல விட்டு எடுத்து விடுவாங்க, அது ஒண்ணுக்காக மட்டும் வயித்தக் கிழிக்கத் தேவையில்ல. இத ரொம்ப பணிவாத்தான் கேட்டேன். "நீங்க டாக்டரா?"ன்னாங்க. இல்லீங்க, இங்கிலாந்துல மிட்வைஃப் (பிரசவம் பாக்கவே படிச்சவங்க) கிட்ட ஒரு குழந்தை பெத்தவங்கன்னேன். அம்மா டேபிளுக்கு அடியில என் கால மிதிச்சாங்க.

அந்த இங்கிலாந்துக் கதைய சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. அங்க உடம்புல பெரிய பிரச்சனை எதுவும் இல்லன்னா கர்ப்பம் முழுக்க மிட்வைஃப்தான் பாக்கறாங்க. எனக்கு பையன் பொறந்தது ஆஸ்பத்திரிக்குள்ளயே தனியா இருக்கற பர்த் சென்டர்ல, டாக்டர் மொகத்தையே பாக்கல. ஒரு ரூமு, மங்கலான லைட்டு, பெரிய பந்து, வெந்நீர்த் தொட்டி, என் வீட்டுக்காரர் கூடவே. வலிக்கு இழுத்துக்கற கேஸ், அவ்வளவுதான். மிட்வைஃப் கால் மணிக்கு ஒருக்கா சின்ன மிசின வச்சு குழந்தை துடிப்பு பாத்துட்டு பேசாம மூலையில உக்காந்து எழுதிட்டு இருப்பாங்க, "படு", "முக்கு"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் முட்டி போட்டு தொட்டி ஓரத்தப் புடிச்சுட்டு பெத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கதான் வினையே, பிரசவம் அவ்வளவு நல்லா நடந்து, மறுநாள் காலைல பத்தியக் கொழம்பு வைக்க ஒரு ஆள் இல்லாம வீட்டுக்காரர் யூடியூப் பாத்து வச்ச ரசத்தக் குடிச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பாத்தாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அம்மா மாதிரி ஆகுமா.

மிட்வைஃப் பாக்கறதுன்னா அதுவும் சும்மா விட்டுர்ற ஏற்பாடு கிடையாது. 2011ல அங்க பெரிய ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, 64,000 பேருக்கு மேல. மிட்வைஃப் யூனிட்ல பெத்துக்கலாம்னு பிளான் பண்ணவங்களுக்கு ஆபரேஷன், ஆயுதம் போடறதெல்லாம் கம்மி, குழந்தைக்கும் கூடுதல் ஆபத்து தெரியல, ஆனா தலைப்பிரசவக்காரங்கள்ல நூத்துக்கு 36ல இருந்து 40 பேர நடுவுல டாக்டர் கிட்ட மாத்த வேண்டி வந்துருக்கு. நம்மாளுங்க இந்தப் பின்பாதிய விட்டுட்டு முன்பாதிய மட்டும் பேசறாங்க. 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்லயே பிரசவம் பாத்து ஒரு பொண்ணு செத்துப்போச்சே, அதுல இல்லாம போனது இதுதான், கையில பழக்கம் உள்ள ஒரு ஆளும், மாத்தறதுக்கு ஒரு வண்டியும்.

பாப்பாவுக்கும் அந்த மாதிரி ஒரு இடம் கெடைக்காதான்னு நான் விசாரிச்ச விசாரணை இருக்கே. கொச்சி, ஹைதராபாத்னு சொன்னாங்க, நெறமாசப் புள்ளைய அங்க எங்க கூட்டிட்டுப் போறது. சேலத்துல யாரக் கேட்டாலும் "அப்படின்னா என்னங்க"ன்னாங்க. அம்மா மட்டும், "நானே மருத்துவச்சி கையில பொறந்தவதான்டி"ன்னாங்க. மருத்துவர் சமூகத்து அம்மா ஒருத்தர் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பிரசவம் பாப்பாங்களாம், கூலி ரெண்டு வள்ளம் ராகி, ஒரு பழைய சேலை. "வலி வந்தா நடு ராத்திரியில வீட்டுக்குள்ள வரைக்கும் கூட்டிட்டு வருவாங்க, மத்த நாள்ல திண்ணையோட சரி"ன்னு அம்மா சாதாரணமா சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. மருத்துவச்சி காலம் பொற்காலம்னு ஃபார்வர்ட் அனுப்பறவங்களுக்கு இத யாராவது சொல்லணும். அம்மாவோட கூடப் பொறந்ததுல மூணு தங்கவும் இல்ல.

இப்படி நான் தேடிட்டு இருக்கறப்ப ஒரு நாள் மதியம் நர்ஸம்மா வந்தாங்க. கிராம சுகாதார செவிலியர், ஸ்கூட்டி, தோள்ல பை. பாப்பாவுக்கு பிரஷர் பாத்து, வயித்தத் தொட்டுப் பாத்து, தலை கீழதான் இருக்குன்னு கையாலயே சொன்னாங்க. முன்னாடி ரத்தம் 9.8 இருந்தப்ப பிஎச்சியில இரும்பு டிரிப் போட்டு 11க்கு ஏத்துனதும் இவங்கதான், சக்கரைத்தண்ணி குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பாத்ததும் இவங்கதான். நான் என் கதைய ஆரம்பிச்சேன், இந்த மாதிரி இங்கிலாந்துல மிட்வைஃப்னு... அவங்க சிரிச்சாங்க. "நம்ம பிஎச்சியில யாருங்க்கா பிரசவம் பாக்கறது? ஸ்டாஃப் நர்ஸ்தான். அவங்க படிச்சதே நர்சிங் அண்ட் மிட்வைஃபரி. டாக்டர் பக்கத்துல இருப்பாங்க, தேவைப்பட்டா வருவாங்க, இல்லன்னா ஜிஎச்சுக்கு அனுப்புவோம்."

எனக்கு சப்புனு ஆயிருச்சு. பர்த் சென்டர்னு நான் கொச்சி வரைக்கும் தேடுனது எங்க வீட்டுல இருந்து மூணு கிலோமீட்டர்ல, சின்ன வயசுல எனக்கு ஊசி போட்ட அதே கட்டடம்.

வீட்ல ஒத்துக்கல. "கவர்மெண்ட்லயா, சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாங்க"ன்னு அம்மா. தம்பி (பாப்பா வீட்டுக்காரர், சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை) மட்டும் அவ இஷ்டம்னுட்டாரு. நான் கணக்க எடுத்துப் போட்டேன். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பேருக்கு ஆபரேஷன், பிரைவேட்டுல மட்டும் பாத்தா 64 பக்கம், கவர்மெண்ட்ல 36. பிஎச்சியில சிக்கல் இல்லாத கேஸ்தான் எடுப்பாங்க, பிரஷர், ரெட்டப்புள்ள, மொதல்ல சிசேரியன் ஆனவங்க எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க, அதனால நேருக்கு நேர் வச்சுப் பாக்கறது முழுக்க நியாயமில்லதான். ஆபரேஷனே தப்புன்னும் நான் சொல்லல, என் பெரியம்மா மக நஞ்சுக்கொடி கீழ எறங்கி ரத்தமா போய் ஆபரேஷனாலதான் பொழச்சா. கடைசில பாப்பாவே, "நாள் குறிச்சு வெட்டிக்க எனக்குப் பயமா இருக்குக்கா, நீ கூட வருவியா?"ன்னா. முடிஞ்சது.

கூட வர்றதுக்கும் ரூல் இருக்கு. பொம்பளையா இருக்கணும், அவங்களும் குழந்தை பெத்த அனுபவம் உள்ளவங்களா இருக்கணும். வீட்டுக்காரருக்கு அனுமதி கிடையாது, தம்பி வேப்ப மரத்தடியிலதான் நின்னாரு, இது எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

39 வாரம் ரெண்டு நாள்ல ராத்திரி பதினோரு மணிக்கு வலி. 108ல போனோம், பத்து நிமிசம். டூட்டில ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு ஆயா, முப்பது வயசு இருக்கும் அந்த சிஸ்டருக்கு. "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, விடியும், நடங்க"ன்னாங்க. பக்கத்துப் பெட்ல மலை மேல ஏதோ ஒரு ஊர்ல இருந்து ஒரு அம்மா, ராத்திரி நேரத்துல எறங்க முடியாதுன்னு டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து தங்கியிருக்காங்க, மூணாவது குழந்தையாம், பாப்பா கத்தறப்பெல்லாம் "மூச்ச வாயால ஊது தாயி, பல்லக் கடிக்காத"ன்னு இருட்டுக்குள்ள இருந்து குரல் மட்டும் வரும். நான் இடுப்ப அழுத்தி விட்டேன், வராண்டாவுல நூறு தடவையாவது நடந்துருப்போம், ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு அவ ஆட நான் பின்னாடி புடிச்சுக்க. சிஸ்டர் வந்து வந்து துடிப்பு பாத்தாங்க, சார்ட்ல புள்ளி வச்சாங்க, அவசரப்படுத்தல. ஊசி போட்டு வலிய ஏத்தி விடல. இது வரைக்கும் அங்கயும் இங்கயும் ஒண்ணுதான், தொட்டி ஒண்ணுதான் இல்ல, சுவத்துல பல்லி இருந்துச்சு.

கடைசியிலதான் மாறுச்சு. முழுசா திறந்ததும் டேபிள்ல மல்லாக்கப் படுன்னாங்க. நான், முட்டி போட்டோ ஒருக்களிச்சோ இருக்கட்டுமே சிஸ்டர்னேன். "எனக்கு அப்படிப் புடிச்சுப் பழக்கமில்லக்கா, ஏதாவதுன்னா நான் பதில் சொல்லணும்." அதுக்கு மேல நான் பேசல, பழக்கமில்லாத கைய நான் வற்புறுத்தி என்ன பண்றது. தலைமாட்ட கொஞ்சம் ஒசத்தி வச்சாங்க, நான் முதுகுக்கு அண்டக் குடுத்தேன். ஆயா "முக்கு முக்கு"ன்னு கத்துனது, மரத்துப்போக ஊசி போட்டு கொஞ்சமா வெட்டுனது, ரெண்டும் எனக்குப் புடிக்கல, தலைப்பிரசவம்னாலே வெட்டறது வழக்கமாவே போயிருச்சு, தேவைப்பட்டா மட்டும்தான் வெட்டணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. 5.40க்கு பொண்ணு. கழுத்துல கொடி ஒரு சுத்து, சிஸ்டர் ரெண்டு விரலால தலைக்கு மேல தூக்கி எடுத்துட்டாங்க, ஒரு நொடி. அப்படியே அம்மா நெஞ்சு மேல. கொடி துடிப்பு அடங்கறவரைக்கும் வெட்டாம வச்சிருந்தாங்க, நான் கேக்கவே இல்ல. நஞ்சு முழுசா வந்துருக்கான்னு விரிச்சு வச்சுப் பாத்ததும் அதே நிதானம். 2.9 கிலோ.

ஆயா வெளிய போய் தம்பி கிட்ட காசு கேட்டாங்க, பொண்ணுன்னா இவ்வளவு, பையன்னா இவ்வளவுன்னு ரேட்டு வேற. அவரு குடுத்துட்டாரு. எனக்குக் கோவம் பணத்துக்கு இல்ல, பொண்ணுன்னா கம்மியாமே, அதுக்குத்தான்.

மூணு நாள் இருந்தோம், சாப்பாடு அங்கயே, குழந்தைக்கு ஊசி சொட்டு மருந்தெல்லாம் முடிஞ்சு, 102 வண்டியில வீட்ல கொண்டாந்து விட்டாங்க. செலவு ஆயாவுக்குக் குடுத்தது, எனக்கு டீ, அவ்வளவுதான். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ரொக்கம் 14,000, ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டி சேத்து 18,000 கணக்கு வரும், ஆனா தவணை தவணையா, அவசரப்பட்டா ஆகாது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஒண்ணு மறக்காதீங்க, பிக்மி நம்பர் (கர்ப்பத்த அரசுல பதிவு பண்றப்ப குடுக்கற நம்பர்) இல்லன்னா பிறப்புச் சான்றிதழுக்கு இழுத்தடிக்கும், எறங்கின வாரமே நர்ஸம்மாவப் புடிச்சு பதிவு பண்ணிருங்க. 28 வாரம் தாண்டிட்டா பல ஃபிளைட்ல டாக்டர் லெட்டர் கேப்பாங்க, 36க்கு மேல பொதுவா ஏத்த மாட்டாங்க, ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும்.

கெளம்பறதுக்கு முன்னாடி மாம்பழம் குடுக்கப் போயிருந்தப்ப சிஸ்டர் கிட்ட கேட்டேன், மத்திய அரசு மிட்வைஃபுக்குன்னே 18 மாசப் படிப்பு கொண்டாந்துருக்காமே, நீங்க போகலாமேன்னு. "போனா இங்க என் டூட்டிய யாருக்கா பாக்கறது? மூணு பேருதான் இருக்கோம்"னு சொல்லிட்டே மாம்பழத்த மோந்து பாத்தாங்க.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே சம்பந்தி வீட்டுப் பெரியம்மா கற்கண்டுத் தண்ணி கரைச்சு டம்ளர்ல எடுத்துட்டு வந்துட்டாங்க, குழந்தைக்கு சேனை வைக்கணும்னு. தாய்ப்பாலத் தவிர ஆறு மாசத்துக்கு ஒண்ணும் கூடாதுன்னு நான் சொன்னா "லண்டன்காரி வந்துட்டா"ன்னு ஆயிரும், அம்மா என்னைப் பாக்கறாங்க, நான் அம்மாவப் பாக்கறேன். சரியா அந்த நேரம் நர்ஸம்மா குழந்தைக்கு எடை பாக்க உள்ள வந்தாங்க. டம்ளரப் பாத்தாங்க, பெரியம்மாவப் பாத்தாங்க, கையில இருந்து வாங்கி ஒரே மடக்குல குடிச்சுட்டு, "வெயிலுக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க பெரியம்மா"ன்னு காலி டம்ளர என் கையில குடுத்துட்டு தராசத் தொங்க விட ஆரம்பிச்சிட்டாங்க.